பழைய இரும்பு லொறி எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த பொருளாதாரக் கட்டுரையை எங்கள் பட்டறையில் தேநீர் நேரத்தில் வாய்விட்டு வாசித்தோம். இரும்பு, உருக்கு எல்லாம் போன நூற்றாண்டுச் சங்கதி. சின்ன நாடு அதை வெளியில் வாங்கிக்கொண்டு சுற்றுலாவையும் கணினித் துறையையும் பார்த்தால் போதும் என்பது அதன் சாரம். பாதி சரி. கல்லடியில் 27 வருடமாகக் கேற்றும் கிறிலும் செய்து பிழைக்கிறவன் நான். மற்றப் பாதியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

சரியான பாதியை முதலில் ஒத்துக்கொள்கிறேன். தாது வெட்டி, நிலக்கரியைக் காற்று ஊதி எரிக்கும் ஊதுலையில் உருக்கும் பெரிய ஆலை நமக்குச் சரிப்பட்டு வராது. 1971இல் சேருவிலவில் செம்போடு கலந்த இரும்புத்தாதுவைக் கண்டுபிடித்தார்கள். சிலாபம் பக்கத்தில் பனிரெந்தாவவிலும் தாது உண்டு. இரண்டையும் கூட்டினாலும் சில மில்லியன் தொன்தான். ஒரு தொன் உருக்குக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் தாது கேட்கும் பெரிய உலைக்கு அது மூன்று நாலு வருடத் தீனிகூட இல்லை. எரிக்க நிலக்கரியும் இல்லை. உலகம் வருடத்துக்கு 180 கோடி தொன்னுக்கு மேல் உருக்குகிறது, அதில் பாதிக்கு மேல் சீனா. அந்தச் சந்தையில் நாம் போய் எதை விற்பது? சமனலவெவ மலையில் பருவக்காற்றை வைத்தே உலை எரித்த பெருமையைச் சிலர் இழுப்பார்கள். பெருமைதான். ஆனால் 1000 வருடத்துக்கு முந்திய காற்று இன்றைய கம்பி விலையைக் குறைக்காது. வெளியூர் இரும்பு என்பதாலும் ஒரு குறையில்லை. 1924இல் திறந்த எங்கள் பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பு கப்பலில் வந்ததுதானே!

ஆனால் உருக்கு என்றால் ஊதுலை மட்டும்தானா? கட்டுரையாளர் இந்த இடத்தில்தான் சறுக்கிவிட்டார். சிங்கப்பூரில் ஒரு கூடை தாதுகூடக் கிடையாது. 1961இலேயே அவர்கள் உருக்கு ஆலைக்கான கம்பனியைத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே பழைய இரும்பை மின்னுலையில் உருக்கிக் கட்டிடக் கம்பி இழுக்கிறார்கள். வேல்ஸில் போர்ட் டால்போட் ஆலையின் கடைசி ஊதுலையை 2024 செப்டெம்பரில் அணைத்துவிட்டு, அங்கேயும் பழைய இரும்புக்கான மின்னுலைதான் கட்டுகிறார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில், ஸ்கன்தோர்ப்பில் மிஞ்சியிருந்த இரண்டு ஊதுலைகளும் அணைந்துவிடக்கூடாது என்று பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சனிக்கிழமையில் கூடி அவசரச் சட்டம் போட்டது. வங்கியும் காப்புறுதியும் விற்றுப் பிழைக்கிற நாடு, இரும்புக்காக வார இறுதியில் கூடியிருக்கிறது.

நம் கதைக்கு வருகிறேன். 1960களில் சோவியத் உதவியோடு, கொழும்புக்குப் பக்கத்தில் ஒருவல என்ற ஊரில் அரச உருக்குக் கூட்டுத்தாபனத்தின் ஆலை வந்தது. 1990களில் அது தனியாருக்குப் போனது. அங்கே கம்பி இழுத்தது இறக்குமதிப் பாளத்தில், அதாவது வெளியில் உருக்கி வார்த்த உருக்குக் கட்டியில். பாளத்துக்கும் டொலர்தான், கம்பிக்கும் டொலர்தான். 2022இல் அதைக் கண்ணால் கண்டோம். மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. காலையில் சொன்ன விலையைக் கடைக்காரர் பின்னேரம் ஒத்துக்கொள்ளவில்லை. ஏறாவூர்க் காக்கா ஒருவர் மகளின் கலியாணத்துக்கு முன்னம் மாடி போட முற்பணம் தந்திருந்தார். "தம்பி, பேசின காசுக்கே செய்து தாங்க" என்று மூன்று முறை வந்து போனார். செய்து கொடுத்தேன், நட்டத்தில். அந்த வருடம் பட்டறையில் இரண்டு பெடியன்களை நிறுத்தினேன். ஒருவன் கட்டார் போய்விட்டான், இன்னும் திரும்பவில்லை.

பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் தனியார் ஆலை நம் நாட்டிலும் இருக்கிறது. இரும்புக்கு டொலரில்லாத வழி அது ஒன்றுதான். மின்பொறிச் சூட்டில் உருக்கும் மின்வில் உலையில் ஒரு தொன் உருக்க 400 முதல் 500 யூனிற் மின்சாரம் போகும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது உலை எப்படி எரியும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மலிவான மின்சாரம் இல்லாமல் உருக்கு இல்லை என்பதைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

எனக்குப் பெரிய கவலை தரம். பழைய இரும்பை எப்படியும் உருக்கலாம் என்றில்லை. மின்சுருளால் சூடாக்கும் சாதாரணத் தூண்டல் உலையில் கந்தகமும் பொசுபரசும் சரியாகப் போகாது. மோட்டர்ச் சுருளோடு செம்பு கலந்துவிட்டால் அதைப் பிரிக்கவே முடியாது. அப்படி உருக்கிய மட்டக் கம்பியைச் சீனாவே 2017இல் தடைசெய்தது. நமக்குக் கம்பிக்கென்று எஸ்.எல்.எஸ். 375 என்ற இலங்கைத் தரநிலை இருக்கிறது. இருந்து என்ன? 12 மில்லிமீற்றர்க் கம்பி 6 மீற்றர் நீளத்தில் 5.33 கிலோ நிறுக்க வேண்டும். போன ஆடியில் வாங்கிய கம்பிக்கட்டுக்குள் இருந்து ஒன்றை உருவித் தராசில் வைத்தேன், ஐந்து கிலோகூட வரவில்லை. எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. நாட்டுக்குள் உருக்கினால், குறை சொல்லப் போய் நிற்க ஒரு வாசலாவது இருக்கும். கடல் கடந்து வந்த கம்பிக்கு யாரிடம் போவது?

எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை பழைய இரும்பு லொறி வரும். என் பட்டறை வெட்டுத்துண்டு, துருப்பிடித்த உழவு மெசின் சில்லு, உடைந்த சைக்கிள் எல்லாம் அதில் ஏறும். எங்கே போகிறது என்று சாரதியைக் கேட்டேன். "கொழும்புக்கு அண்ணே" என்றார். அங்கே உலைக்குப் போகிறதா, கப்பலில் ஏறுகிறதா என்று கேட்டதற்குச் சிரித்தார். உங்கள் நிருபர் யாராவது ஒரு நாள் அந்த லொறியின் பின்னால் போய்ப் பார்த்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
பட்டறைக்காரன், கல்லடி, மட்டக்களப்பு