கார்த்திகைக் கிழங்குக்கு ஒரு வேலி மூலை

ஆசிரியருக்கு வணக்கம்.

உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவைப் போன வைகாசியில் பெக்கோ இயந்திரம் விட்டுத் துப்புரவாக்கினார்கள். கிளுவை வேலி ஒரே நாளில் போய்விட்டது, அதனடியில் இருந்த கார்த்திகைக் கிழங்கும்தான். வெட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடையில் கார்த்திகைக் கொடி, அதாவது செங்காந்தள், காய்ந்து மேலே ஓர் அடையாளமும் இருக்காது. கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். இந்த மாரிக்கு அங்கே பூ இல்லை, ஆறடி மதில்தான் நிற்கிறது.

மழை விழுந்ததும் தளிர்விடும் இந்தக் கொடிக்குப் பிடிக்க ஏதாவது வேண்டும். இதன் இலை நுனிதான் கை. மெல்லச் சுருண்டு ஒரு குச்சியைச் சுற்றிக்கொள்ளும். பச்சை மொட்டு தலை கவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் நெளிநெளியாக மேல்நோக்கி மடங்கும். முதலில் அடி மஞ்சள், நுனி சிவப்பு. நாள் போகப் போக முழுக்கச் சிவந்துவிடும். சீமெந்து மதிலில் அந்த இலை எதைப் பிடிக்கும்?

நஞ்சுச் செடிதானே, போகட்டும் என்பவர்களும் உண்டு. உண்மைதான், கிழங்கு முதல் விதைவரை நஞ்சு. வேறு கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று உயிரை விட்டவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த நஞ்சான கொல்கிசின்தான் கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. தமிழ்நாட்டில் இது மாநில மலர். திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகத் தோட்டமாகவே பயிரிடுகிறார்கள்.

காணி துப்புரவாக்க இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கார்த்திகை, மார்கழியில் பூத்து நிற்கும்போதே பக்கத்தில் ஒரு கட்டையை அடித்து வையுங்கள். கொடி காய்ந்த பிறகு கையுறை போட்டுக்கொண்டு மெதுவாகக் கிளப்புங்கள். கலப்பை மாதிரி இரண்டு கவராக இருக்கும். முளை அந்தக் கவர் நுனியில்தான். அது ஒடிந்தால் சரி, அந்தக் கிழங்கு போச்சு. சின்னப்பிள்ளைகளும் ஆடு மாடும் போகாத வேலி மூலையில் தாட்டு விடுங்கள், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

எங்கள் வேலியில் இன்று காலை நான்கு பூ. மதில் பக்கமாக ஒரு கொடி போகப் பார்க்கிறது. அதற்கு ஒரு பனைமட்டை சாத்தி வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.