கல்யாணப் புகை பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள செல்வம்,

பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடமாட்டேன் என்கிறது.

வரவேற்பில் பொண்ணும் மாப்பிள்ளையும் மேகத்துக்குள் நடந்து வருகிற மாதிரி புகை விடுவார்களாம், அந்த டிரை ஐஸ் என்ன சமாசாரம் என்று கேட்டிருந்தாய். ஐஸ்கிரீம் அனுப்புகிற வேலையில் அதோடுதான் புழங்குகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதில் தண்ணீரே கிடையாது. நாம் மூச்சில் விடுகிற கார்பன் டை ஆக்சைடுதான். அதை அழுத்தித் திரவமாக்கி, சட்டென்று திறந்துவிட்டால் பாதி ஆவியாகிப் பறக்கும், அந்த வேகத்தில் மீதி குளிர்ந்து பனித்தூளாகக் கொட்டும், அதை இறுக்கிக் கட்டியாக்குகிறார்கள். குளிர் மைனஸ் 78.5 டிகிரி. உருகாது, கற்பூரம் போல நேரே காற்றோடு போய்விடும், பெட்டிக்குள் ஈரம்கூட இருக்காது. கொரோனா சமயத்தில் ஃபைசர் தடுப்பூசி நாடு நாடாகப் போனது இதை வைத்துத்தான்.

வெந்நீரில் போட்டதும் கிளம்புகிற வெள்ளைப் புகை வெறும் நீர்த்துளி, அதற்குப் பயப்படாதே. பயமெல்லாம் கூடவே வருகிற, கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்குத்தான். ஒரு கிலோ கட்டியிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வரும், காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தேங்கி, அங்கே மூச்சுமுட்ட வைக்கும். நின்றுகொண்டிருக்கிற நமக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் புகையைக் கண்டால் குட்டிப் பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து விளையாடுமே, அதுகளின் மூக்கு அங்கேதானே இருக்கும்! ஏசி மண்டபம் என்று எல்லாக் கதவையும் சாத்திவிட வேண்டாம். 2020இல் மாஸ்கோவில் ஒரு விருந்தில், உள்ளரங்க நீச்சல் குளத்தில் இதைக் கொட்டி மூன்று பேர் இறந்தே போனார்கள்.

அப்புறம், மிச்சக் கட்டிகள். மேடைக்குப் பின்னால் வெள்ளையாகக் கிடக்கும், கல்கண்டு என்று பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டால் வெந்துவிடும். 2024இல் குருகிராமில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டபின் வாய் மணக்கக் கொடுக்கிற பொருளுக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிட்டார்கள், சாப்பிட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள். வெறும் கையால் எடுத்தாலும் தோல் கொப்பளிக்கும். பாட்டிலில் போட்டு மூடினால் வெடிக்கும். காரில் கொண்டுவந்தால் கண்ணாடியை இறக்கிவிடச் சொல், மிஞ்சியதை ஆள் போகாத திறந்தவெளியில் வைத்தால் தானே போய்விடும்.

வேண்டாம் என்று சொல்லவில்லை, பாப்பா ஆசைப்படுகிறாள். புகை விடுகிறவர் நம்பரை மட்டும் அனுப்பு, நானே பேசிக்கொள்கிறேன். ரெண்டு நாள் முன்னாடியே வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
ராமு