உன் பெயரில் ஒரு சீட்டு

முனைக்காடு,
18.02.2024

அன்பின் மச்சான்,

நலம். உன் நலமும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். போன கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "இந்த வயதில் கச்சேரி கச்சேரியாக எதற்கு அலைகிறாய், எல்லாப் பாட்டும் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறதே" என்றாய். பக்கத்தில் பேத்தி அழுதுகொண்டிருந்ததால் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பிறகு இரண்டு நாளாக அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. எழுதினால்தான் எனக்கும் தெளியும் போலிருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இளையராஜா கொழும்புக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதுமே மகனிடம் சொல்லி இரண்டு சீட்டு எடுத்தேன். ஜனவரி 27, சனிக்கிழமை இரவு. உன் தங்கச்சிக்குக் கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாது என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது சீட்டு யாருக்கு என்று மகன் கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். "மாமா கனடாவில் அல்லவா இருக்கிறார்" என்றான். "தெரியும், எடு" என்றேன். என் முகத்தைப் பார்த்தவன் மறுபேச்சுப் பேசவில்லை. கடையில் கொடுத்து அச்செடுத்த இரண்டு தாள்களையும் அடையாள அட்டையோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் புறப்படுவதாக இருந்தேன். வியாழன் தைப்பூசம், பௌர்ணமிப் போயா விடுமுறை. கோயிலுக்குப் போய்வந்து பையில் சாரத்தையும் துவாயையும் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. பவதாரிணி இறந்துவிட்டார். அதுவும் கொழும்பிலேயே, சிகிச்சைக்கு வந்த இடத்தில். 47 வயது. 2000ஆம் ஆண்டு வந்த பாரதி படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்ற குரல், குழந்தைத்தனம் கடைசிவரை போகாத குரல். தகப்பன் பாட வந்த ஊரிலேயே மகள் போய்விட்டாள்.

பையை அவிழ்த்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. எழும்பிச் சந்திக் கடைக்கு நடந்தேன். நிலவு பகல் போல எறித்தது. கடைப் பையன் பவதாரிணியின் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டான். ஆறேழு பேர் வாங்கில் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. கச்சேரியைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்ற அறிவிப்பு பிறகு வந்தது. எண்பது வயதில் பெற்ற பிள்ளையை இழந்துவிட்டு நிற்கும் ஒரு மனிதர் என்றுதான் அன்று அவரை நினைத்தேன். அதற்கு முன் அவரை மனிதராக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை, மச்சான். அவர் எனக்குக் குரலும் வாத்தியமும்தான்.

நம் இருவருக்கும் அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். அதற்கு முன் வானொலி இருந்தது. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் வேகமும் அப்துல் ஹமீதின் நிதானமும் நம் வீடுகளில் இன்னொரு ஆள் போலக் குடியிருந்தன. பிறகு தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வாவிக்கு மேற்கே நம் படுவான்கரைக்கு மின்சாரமும் இல்லை, தடையால் பற்றரியும் வாவியைத் தாண்டி வராது. உன் அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்துவாய். நான் டைனமோவில் வயரைக் கொழுவி கசெற் ரேடியோவோடு இணைப்பேன். நீ குந்தியிருந்து மிதிகட்டையைக் கையால் சுற்றுவாய். வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். நீ களைத்தால் ஜானகியின் குரல் இழுபட்டு இழுபட்டு ஆண்குரலாகிவிடும். "கையை விடாதே" என்று நான் கத்துவேன். ஒரு பாட்டு முடிவதற்குள் உன் நெற்றி வியர்வை சில்லுக் கம்பியில் சொட்டும். மாற்றிவிடச் சொல்லி நான் கேட்டாலும் நீ தரமாட்டாய், எனக்குச் சீராகச் சுற்றத் தெரியாது என்பாய். அது உண்மைதான். ஒரு பக்கம் முடியும்போது உன் உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருக்கும்.

பாட்டு முடிந்ததும் நாம் என்ன செய்தோம்? கைதட்டினோமா? கசெற்றைத் திருப்பிப் போட்டோம், அவ்வளவுதான். நம்மை அந்த இரவுகளில் கரைசேர்த்தவர்களுக்கு நம்மிடமிருந்து ஒன்றுமே போய்ச் சேரவில்லை. நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். கேட்பதற்கு வீட்டில் எல்லாம் இருக்கிறது, நீ சொன்னது சரி. நான் கைதட்டப் போகிறேன்.

கூத்தில் நமக்கு இந்தக் குறை இருந்ததில்லை. நாம் முதன்முதலில் பார்த்த நட்சத்திரம் அருச்சுனனாக ஆடிய உன் பெரியப்பாதானே. வடமோடிக் கூத்துக்கு உரிய, வளையம் வைத்து விரியும் கரப்புடுப்போடு அவர் களரிக்குள் வந்து சுழலும்போது, மத்தளத்தில் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் கை எப்போது விழும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். விடிந்தபிறகு அவர் வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு நிற்பார். காது மடலுக்குப் பின்னால் மட்டும் அரிதாரம் போகாமல் ஒட்டியிருக்கும். நீ தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பாய். நான் பக்கத்தில் நின்று அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரவு முழுக்க நமக்காக ஆடியவருக்குக் காலையில் ஒரு தேநீர் கொடுக்க முடிந்தது. சினிமாப் பாடகருக்கு யார் கொடுப்பது?

இப்போது இரவில் வெளியே போய்வர முடிவதே ஒரு பெரிய கொடுப்பினை. மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாதை என்ற மிதவைப் படகு ஓடிய காலத்தில் பொழுதுபட்டால் அக்கரையில் மாட்டிக்கொள்வோம். மட்டக்களப்பு டவுனில் எத்தனை இசைக்குழு வந்தால்தான் என்ன, ஒலிபெருக்கியின் ஓசை காற்றோடு வந்தால் உண்டு. 2014இல் பாலம் திறந்த பிறகுதான் நள்ளிரவு ஒரு மணிக்கும் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்ப முடிகிறது. திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் நிறுத்தி இரண்டு நிமிடம் நிற்பது என் வழக்கம். காதில் ஸ்பீக்கர் இரைச்சல் இன்னும் அடங்கியிருக்காது. கீழே தண்ணீர் சத்தமில்லாமல் கிடக்கும்.

போன வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் வெபர் மைதானத்தில் ஒரு இசை இரவு. தமிழ்நாட்டிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். ஆசையாகப் போனேன். மூன்றாவது பாட்டில் அவர் சனத்துக்குக் கை அசைப்பதற்காக மைக்கை இடுப்புவரை இறக்கினார், குரல் கொஞ்சமும் குறையாமல் வந்துகொண்டே இருந்தது. பதிவுசெய்த பாட்டுக்கு வாய் அசைக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. சுற்றியிருந்த பிள்ளைகள் கவலைப்படவில்லை, முகத்தைக் கண்டதே அவர்களுக்குப் போதும். எனக்கு அது பொறுக்கவில்லை. வாய் அசைப்பவருக்குக் கைதட்டினால் அது யாருக்குப் போய்ச் சேரும், சொல்.

எழும்பிப் போகலாம் என்று மேடையின் ஓரத்துக்கு வந்தபோது நம் ஊர் இசைக்குழுப் பாடகர் ஒருவர் அடுத்த பாட்டுக்கு ஏறினார். அறுபது வயதிருக்கும். நான் நின்ற இடத்திலிருந்து ஆறடி தூரம்தான். இடது கையில் பாட்டுக் கொப்பி, மூலையெல்லாம் மடிந்து எண்ணெய் ஏறியது. காற்று தாளைப் புரட்டிவிடாதபடி பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். வலது கையில் மைக். தாளம் போடக் கை இல்லாததால் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலின் பெருவிரலால் பலகையில் தட்டிக்கொண்டார். சரணத்துக்கு முன் ட்ரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார், அவர் தலையசைத்தார், இவர் மூச்சை இழுத்தார். அந்த மூச்சு எனக்குக் கேட்டது, மச்சான். எந்தக் கசெற்றிலும் நாம் அதைக் கேட்டதில்லை. உச்சத்தில் குரல் ஒரு இழை கிழிந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டு அதிலேயே நின்று மேலே போனார். என் உள்ளங்கை வலிக்கும்வரை தட்டினேன். இறங்கும்போது என்னைப் பார்த்து ஒருமுறை தலையைக் குனிந்தார். எனக்கு உன் பெரியப்பாவின் தேநீர் நினைவுக்கு வந்தது.

யாழ்ப்பாணச் செய்தி உனக்கும் வந்திருக்கும். போன வருடம் ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணன் முற்றவெளியில் இலவசமாக நடத்திய கச்சேரிக்கு மகன் கூட்டாளிகளோடு போய்வந்து ஒரு மாதம் அதையே பேசினான். இந்த மாதம் 9ஆம் திகதி அதே இடத்தில் ஹரிஹரன் பாடினார். இம்முறை சனம் தடுப்பை உடைத்துக்கொண்டு முன்னால் வந்ததில் நிகழ்ச்சி இடையில் நின்றுபோனது. யாருடைய பிழை என்று இங்கிருந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். ஆனால் பின்வரிசைக்காரனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அவனும் ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் வந்தவன். முன்னால் நிற்கிறவர்கள் தூக்கிப் பிடித்த தொலைபேசியின் சின்னத் திரையில்தான் அவன் பாடகரைப் பார்க்கிறான். நம் கூத்துக்களரி வட்டமானது. நாற்புறமும் சனம் இருக்கும், ஆடுகிறவன் ஒவ்வொரு பக்கமும் முகம் காட்டி ஆட வேண்டும். இவ்வளவு பெரிய மேடை கட்டுகிறவர்கள் யாராவது ஒருநாள் அப்படி ஒரு வட்ட மேடை கட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. செலவு என்ன ஆகும் என்று தெரியாமல் எழுதுகிறேன் என்று மகன் சொல்கிறான்.

சரி, வீட்டு விசேஷம். வெள்ளாமை பரவாயில்லை, அறுவடை தொடங்கிவிட்டது. உன் வளவு வேலியைப் பங்குனிக்குள் அடைத்துவிடுகிறேன். முழங்கால் வலிக்கு அங்கே ஊசி போடச் சொன்னார்களே, போட்டாயா? அதைப் பற்றி மட்டும் நீ எழுதவே இல்லை.

இளையராஜா மறுபடி எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஆறட்டும், அவசரமில்லை. இரண்டு தாளும் அடையாள அட்டையோடுதான் இருக்கின்றன. நீ வர முடிந்தால் வா. முடியாவிட்டால் உன் கதிரையில் ஒருவரையும் இருக்க விடமாட்டேன், உனக்கும் சேர்த்து நானே தட்டுகிறேன்.

அந்தச் சைக்கிள் இன்னும் உங்கள் கொட்டிலில்தான் நிற்கிறது. வேலி அளக்கப் போன அன்று பார்த்தேன். டயர் மக்கிப்போய்விட்டது. டைனமோ மட்டும் துருப்பிடித்து, தலை சில்லில் சாய்ந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றவா, அப்படியே விடவா என்று எழுது.

உன் அன்பு மச்சான்