ஓனிட்டா கோமாளி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் ஜப்பானிய மல்யுத்தக் கட்டுரையில் மல்யுத்த வீரர் அட்சுஷி ஓனிட்டாவுக்குக் கிடைத்தது ஒரே வரி: 'பட்டாசு வெடித்துப் பிழைத்த கோமாளி'. விஷயம் தெரிந்த தாங்கள் அதை அப்படியே அச்சுக்கு விட்டதுதான் மனத்தைப் புண்படுத்துகிறது.

ஓனிட்டா வெடியோடு வந்தவர் அல்லர். ஜயன்ட் பாபாவின் ஆல் ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தில் வளர்ந்து, 1982-ல் எடை குறைந்தவர்களுக்கான ஜூனியர் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். மறு ஆண்டே ரிங்கிலிருந்து குதித்து இறங்கும்போது முழங்கால் சில்லு உடைந்தது. 1985-ல் ஓய்வு. பாய்ந்து ஆட முடியாத அந்தக் காலோடுதான் 1989-ல் எஃப்.எம்.டபிள்யூ. என்ற சொந்த மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கினார், கையிலிருந்தது 50,000 யென் என்பார்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படிக் கூட்டம் சேர்ப்பது? அதற்கு அவர் கண்ட வழிதான் முள்கம்பி.

1990 ஆகஸ்ட் 4, டோக்கியோவின் ஷியோடோமே. எதிராளி டார்சன் கோட்டோ. கயிறுகளை அவிழ்த்துவிட்டு முள்கம்பி இழுத்துக் கட்டி, அதில் சிறு வெடிகளைப் பொருத்தினார்கள். கயிறு இல்லையென்றால் ஆட்டமே வேறு. மோதி எகிறி வர வழியில்லை. பிடியில் சிக்கியவர் கயிற்றைத் தொட்டுத் தப்பவும் முடியாது. கம்பிக்கு இரண்டடி முன்னால் தள்ளுவதும் காலூன்றித் தாங்குவதுமே ஆட்டம். முதல் வெடி சீக்கிரம் வெடித்தால் மிச்ச ஆட்டம் சப்பென்று போகும். அதிகம் தாமதித்தால் கூட்டம் சோர்ந்துவிடும். அந்தக் கணக்கு ஓனிட்டாவுக்குக் கைவந்த கலை.

1993 மே 5, கவாசாகி அரங்கம். டெர்ரி ஃபங்கை வென்ற பிறகும், ரிங் வெடிக்கப்போகிறது என்று தெரிந்தும், ஓனிட்டா திரும்ப உள்ளே போய், விழுந்து கிடந்தவர்மேல் படுத்து மறைத்தார். 2021 மார்ச்சில் அமெரிக்காவில் ஒமேகா, மாக்ஸ்லி என்ற வீரர்கள் மோதிய வெடி ஆட்டத்தின் முடிவில் எடி கிங்ஸ்டன் என்ற வீரர் அதையே செய்தார். ஆனால் கடைசி வெடி மத்தாப்புபோலப் பொறி சிந்தி அணைந்தது. வெடி பொய்த்ததும் அவர் காட்டிய பாசமும் எடுபடாமல் போனது. பட்டாசு வெடிப்பது அவ்வளவு எளிதென்றால், அத்தனை பணம் உள்ளவர்கள் ஏன் தவறவிட்டார்கள்?

ஓனிட்டா பலமுறை ஓய்வு அறிவித்துவிட்டுத் திரும்பி வந்தார். அதைக் கண்டித்து எழுதுங்கள், மறுக்கமாட்டேன்.

தங்கள் இதழில் இது புதிதும் அல்ல. ஜப்பான் என்றாலே சுமோ படம். அமெரிக்க வீரர் ஓய்வு பெற்றால் இரண்டு பக்கம். 2016-ல் ஹயபுசா மறைந்தபோது ஒரு வரிகூட இல்லை. எஃப்.எம்.டபிள்யூ.வின் அந்த வீரர் 2001-ல் கயிற்றில் கால் தவறி, தலைகீழாக விழுந்து, உடல் செயலிழந்தவர். அப்படியிருக்க, 'எல்லாம் நாடகம்' என்று பெட்டிச் செய்தி போட எப்படி மனம் வந்தது?

அடுத்த இதழில் இரண்டு வரி போதும். ஓனிட்டாவின் முதல் வெடி ஆட்டம் நடந்தது 1990-ல். கட்டுரையில் உள்ளதுபோல 1993-ல் அல்ல. படத்தில் இருப்பவர் டார்சன் கோட்டோ, ஓனிட்டா அல்ல.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்