‘கே’ என்னும் எழுத்துக்குக் கொடுக்கும் பணம்

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை நேற்றிரவு இரண்டு முறை படித்தேன். 2,500 ரிங்கிட்டுக்குள் ஒரு கணினியைப் பொருத்தி அதை ஓவர்கிளாக் செய்தும், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டியும், பார்க்க வேண்டும் என்ற உன் ஆசைக்கு நான் தடை சொல்லப் போவதில்லை. சிப்புத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் 26 ஆண்டுகள் நின்றவனின் மகளுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் வியப்பு. ஆனால் சனிக்கிழமை கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவின் கணினிக் கடைகளுக்குப் போகும் முன் பட்டியலைத் திருத்திக்கொள்.

கோர் ஐ5-12600கே ப்ராசசரையும் பி660 மதர்போர்டையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். பெயரின் கடைசியில் உள்ள ‘கே’, அந்தச் சிப்பின் பெருக்கெண்ணை, அதாவது போர்டின் அடிப்படை வேகத்தை எத்தனை மடங்காக்கி ஓடுவது என்னும் எண்ணை, மாற்றலாம் என்பதற்கான அடையாளம். ஆனால் அதை மாற்றும் வசதியை இன்டெல், இஸட்690 போன்ற இஸட் வரிசைப் போர்டுகளுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. பி660 போர்டில் ரேமின் வேகத்தைக் கூட்டலாம், ப்ராசசரின் பெருக்கெண்ணைக் கூட்ட முடியாது. ஆகவே அந்த ஓர் எழுத்துக்காக நீ கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். இஸட் போர்டுக்கே போகலாம் என்றால், கே வகைப் பெட்டியில் சிப்பைக் குளிர்விக்கும் கூலரும் வராது என்பதால், உன் கணக்கு இடிக்கும்.

ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசசரை வாங்கிக்கொள். அதன் பெருக்கெண் பூட்டப்படாமலே வருகிறது, பி550 போர்டு போதும். ஏ520 இன்னும் மலிவு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அதில் ப்ராசசரை ஓவர்கிளாக் செய்ய வழியில்லை. 5600-க்குள் திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கிடையாது, ஆகையால் பழைய கணினியில் உள்ள கார்டைப் பத்திரமாகக் கழற்றி வை.

நான் 1999-இல் பொருத்திய முதல் கணினியில் இன்டெலின் செலரான் 300ஏ ப்ராசசர் இருந்தது. பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்ட சிப்புதான். ஆனால் போர்டின் அடிப்படை வேகமான பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு ஏற்றியதும், 300 என்று விற்கப்பட்டது 450-இல் ஓடியது. ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து (வேஃபர்) வெட்டியெடுத்த சிப்புகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சோதித்து வேகப்படி பிரிக்கும்போது, மலிவான ரகத்துக்குத் தேவை அதிகமாக இருந்தால் வேகமாக ஓடக்கூடியதும் மெதுவான பெயரோடு பெட்டிக்குள் போய்விடும். அந்த மிச்சத்தைத்தான் அன்று நாங்கள் அனுபவித்தோம். இன்று அந்த மிச்சத்தில் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே எடுத்துக்கொள்கிறார். 5600 தானாகவே 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். அதற்கு மேல் 100 அல்லது 200 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தால் உன் அதிர்ஷ்டம். பாதிக்குப் பாதி கூடும் என்று எதிர்பார்க்காதே.

அந்தக் கொஞ்சத்தையும் கொடுப்பது ப்ராசசர் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ளவை. வேகம் மாறாமல் மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.3-க்கு உயர்த்தினாலே, மின்செலவு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்வதால், ஏறக்குறைய 17 விழுக்காடு கூடுகிறது, அத்தனையும் வெப்பமாகிறது. நீ பார்க்கும் வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில் நடப்பவை. செத்தாபாக்கில் உன் வாடகை அறையில் ஏர்கான் இல்லை. பிற்பகலில் அறையே 32 பாகை இருக்கும்போது, அவர்களுக்கு 75 காட்டிய சிப்பு உனக்கு 85 காட்டும், அதன் உச்ச வரம்போ 90. பெட்டியோடு வரும் சிறிய கூலர் சாதாரண ஓட்டத்துக்குச் சரி, இதற்குப் போதாது. 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட கோபுர வடிவக் கூலர் ஒன்று வாங்கு. போர்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் வண்ண விளக்குகளைப் பார்க்காமல், ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதியின் மேல் கனமான அலுமினியப் பட்டை இருக்கிறதா என்று பார்.

பட்டியலில் எனக்குக் கோபம் வந்த ஒரே வரி, பெயர் தெரியாத அந்தப் பவர் சப்ளை. நானும் ஒரு காலத்தில் 60 ரிங்கிட் மிச்சம் பிடித்தவன்தான். தைப்பூசத்துக்கு முந்திய வாரம், இடி இடித்த ஓர் இரவில் அது வெடித்து, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. தண்ணீர்ப் பந்தல் நன்கொடைக் கணக்கு முழுவதும் அதற்குள் இருந்தது. அம்மா ரசீதுகளை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் இரண்டு இரவுகள் நோட்டில் எழுதினேன். இப்போதும் அவள் அதைச் சொல்லிக் காட்டுவாள். 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பாதே, அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. பாதுகாப்பு அமைப்புகளும் ஐந்தாண்டு உத்தரவாதமும் உள்ள 550 வாட் ஒன்றை எடு.

ரேம் 8 ஜிபியில் இரண்டு, ஒரே பெட்டியில் வருவதாக வாங்கு. கணினியின் வெளிப்பெட்டி எதுவானாலும் முன்பக்கம் காற்று புக வேண்டும்.

பொருத்திய முதல் வாரம் வேகத்தை ஏற்றாமல் ஓட்டு. பழுதான பாகம் இருந்தால் அப்போதே தெரிந்து கடையில் மாற்றிக்கொள்ளலாம். ஓவர்கிளாக் செய்து கெட்டுப்போனதற்கு ஏஎம்டி உத்தரவாதம் தராது. பிறகு 25 மெகாஹெர்ட்ஸாக ஏற்று, ஒவ்வொரு படியிலும் ப்ராசசருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 நிரலை ஒரு மணி நேரம் ஓட விடு, 1.3 வோல்ட்டைத் தாண்டாதே. திரை வராமல் போனால் பதறாமல், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டு. போர்டின் அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வாங்கும் முன் கூலர் உள்ளே அடங்குமா என்று பார்க்க, அதன் உயரத்தையும் வெளிப்பெட்டியின் அகலத்தையும் எனக்கு அனுப்பு. சனிக்கிழமை காலையில் தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா