கனடா, லண்டன் பழைய மாணவர் சங்கத்து அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்: பள்ளிக்கூட வாசலில் இன்னொரு வளைவு வேண்டாம்

அன்பான அண்ணாமார், அக்காமாருக்கு,

போன மார்கழியில் நீங்கள் வந்து நின்றபோதே இதை நேரில் சொல்லியிருக்கலாம். மாலை போட்டு, பான்ட் அடித்து, ரிபன் வெட்டுகிற இடத்தில் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கோவிக்க வேண்டாம், கொஞ்சம் கோவித்தாலும் பரவாயில்லை.

நான் முல்லைத்தீவுப் பக்கம் பின்னேரங்களில் பெண் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிற ஆள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், வாசித்துக்கொண்டு போக உங்களுக்கே விளங்கும். நீங்கள் கொண்டெய்னரில் அனுப்பிய இரண்டு கூடைப்பந்துக் கம்பங்களும் வந்து இறங்கிய அன்று பிள்ளைகள் அந்தப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள், ஒருத்தி வளையத்துக்குள் தலையை விட்டு போட்டோ எடுத்தாள். சரி, அதை எங்கே நடுவது? எங்கள் மைதானம் கிரவல். கூடைப்பந்தென்றால் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். கிரவலில் தட்டினால் அது கைக்குத் திரும்பாது, ஒரு கல்லில் பட்டு முழங்காலுக்குப் போகும், இல்லாவிட்டால் விழுந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். மாரியில் கேட்கவே வேண்டாம். மூன்று மாதத்தில் பந்தின் தோல் உரிந்து பலாக்கொட்டை மாதிரி வழுக்கத் தொடங்கிவிடும்.

வன்னியில் பெண் பிள்ளை என்றால் வலைப்பந்தாட்டம் என்று ஏன் ஆகிப்போனது என்று யோசித்திருக்கிறீர்களா? பெண்களுக்கு அதுதான் ஏற்றது என்று யாரோ கண்டுபிடித்ததால் இல்லை. வலைப்பந்தில் தட்டி ஓடுவதே கிடையாது, பிடிக்க வேண்டும், எறிய வேண்டும், அவ்வளவுதான். கிரவலிலும் ஆடலாம், வயல் வெட்டையிலும் ஆடலாம். இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள்தான். 1891இல் அமெரிக்காவில் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் கூடைப்பந்தைத் தொடங்கினார், அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களுக்கென்று மாறி வலைப்பந்தானது. வளையத்தின் உயரம்கூட இரண்டுக்கும் ஒன்றே, 3.05 மீற்றர். வித்தியாசம் தரையில் இருக்கிறது.

தர்ஜினி சிவலிங்கத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உயரம் ஆறடிக்கு நன்றாக மேலே, அவுஸ்திரேலியாவில் போய் விளையாடியவர். 2019 லிவர்பூல் வலைப்பந்து உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டுக்காரிகளையும் விட அதிக கோல் போட்டவர் அவர்தான், அப்போது அவருக்கு வயது நாற்பது. அந்த விளையாட்டு எங்களுக்குத் தந்த பெருமை அது, நான் அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் என்னிடம் பழகுகிற பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "ரீச்சர், நான் தட்டிக்கொண்டு ஓட ஆசைப்படுறன், அது எங்க விளையாடலாம்?" என்று. நான் ரீச்சரும் இல்லை, என்னிடம் பதிலும் இல்லை.

கூடைப்பந்தைத் தொழிலாகச் செய்வது எப்படியென்று நீங்கள்தான் கிட்ட இருந்து பார்க்கிறீர்கள். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கின் முதல் பருவம் 1997இல். அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் அணி உங்கள் ஊரிலேயே, ரொறன்ரோ ரெம்போ. ஸ்காபரோவில் இருக்கிற உங்கள் மகள்மார் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். பார்த்துவிட்டு இங்கே வந்து எங்கள் பிள்ளைகளுக்கு "நீயும் அங்கே வரலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024இல் அந்த லீக்கில் 12 அணிகள், அணிக்கு ஆகக்கூடியது 12 பேர், 144 இடத்துக்கு உலகமே முண்டியடித்தது. அந்த வருடம் அணிகள் புது ஆட்டக்காரிகளைத் தெரிவு செய்தபோது முதலாவதாகத் தெரிவான கெய்ட்லின் கிளார்க்குக்கு லீக் கொடுத்த முதல் வருடச் சம்பளம் 76,535 டொலர், அதே வருடம் ஆண்கள் லீக்கில் முதலாவதாக வந்த பொடியனுக்கு ஒரு கோடி டொலருக்கும் மேல். அந்த லீக்கின் நட்சத்திரம் டயானா டோராசி 2015இல் அமெரிக்கப் பருவத்தையே விட்டுவிட்டு ஓய்வெடுத்தார், ஏனென்றால் ரஷ்யாவில் அவர் ஆடிய அணி பல மடங்கு சம்பளம் தந்து, கோடையில் இளைப்பாறு என்றது. அந்த லீக்கின் பெரிய நட்சத்திரங்களே பனிக்காலத்தில் துருக்கி, ரஷ்யா என்று போய் உழைத்துத்தான் வீடு கட்டினார்கள். எங்கள் அப்பாமார் சவூதிக்குப் போன மாதிரித்தான்.

அதனால் நான் கேட்பது நட்சத்திரத்தை இல்லை. எங்கள் பக்கத்துக்கு வேறு ஒரு ஆளைக் காட்டுகிறேன். சென்னையில் அனிதா பால்துரை. பத்தொன்பது வயதில் இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைவி, குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ. அவ்வளவு காலம் ஆட முடிந்ததற்குக் காரணம் தென்னக ரயில்வேயில் வேலை. அங்கே பந்து நன்றாகப் போட்டால் ரயில்வேயில் வேலை கிடைக்கும், மாதம் முடியச் சம்பளம் வரும், காலையில் பயிற்சி. இங்கேயும் வங்கிகள், கம்பனிகள், முப்படைகள் எல்லாம் அணி வைத்திருக்கின்றன. ஆனால் அந்த அணிகளின் கண்ணில் படுவதற்குப் பிள்ளை தேசிய மட்டம் வரைக்கும் போக வேண்டும், போவதற்கு ஏழெட்டு வருடம் சீமெந்துத் தரையில் ஓடியிருக்க வேண்டும். படையில் சேர்ந்து விளையாடலாமே என்று கொழும்பில் ஒருவர் என்னிடம் சொன்னார். வன்னியில் ஒரு அம்மாவிடம் போய் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்கு நான் விளங்கப்படுத்தவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்களிடம் ஒரு பிள்ளை இருந்தாள். ஐந்தடி பதினொரு அங்குலம், வகுப்பில் கொக்கத்தடி என்று கூப்பிடுவார்கள். கை நீட்டினால் மற்றப் பிள்ளைகள் குதித்தாலும் எட்டாது, ஆனால் அவளிடம் நான் பார்த்தது உயரத்தை இல்லை, பந்து வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று முன்னமே தெரிந்து அங்கே போய் நிற்பாள். மாகாண மட்டம் வரைக்கும் வலைப்பந்து ஆடினாள். ஓ.எல் சோதனை முடிந்தது. பயிற்சி முடிய ஐந்தரை ஆகும், கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அம்மா பயந்தார், அதில் பிழை சொல்ல மாட்டேன். அப்புறம் சொந்தக்காரர் வந்து, இன்னும் வளர்ந்தால் மாப்பிள்ளை எடுக்க ஏலாது என்றார்கள், ஏதோ பந்தெறிந்துதான் அவள் வளர்ந்த மாதிரி! இப்போது ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிறாள். காலை ஐந்தரைக்கு பஸ், அந்த பஸ் மட்டும் வீட்டு வாசலுக்கே வருகிறது.

உங்கள் கம்பங்கள் ஒரு மாரி முழுக்கத் தறப்பாளுக்குள் கிடந்தன. பிறகு ஒன்றை இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்ட எடுத்தார்கள். மற்றதில் காவலாளி ஐயா சாரம் காயப் போடுகிறார். வளையம் துருப்பிடித்துவிட்டது. அந்த வருடமே வாசலில் உங்கள் பெயர்கள் பொறித்த வளைவும் எழும்பியது, அதற்குப் போன சீமெந்தை நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

கணக்கு இதுதான். கூடைப்பந்துத் திடல் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். சுற்றிவர இரண்டு மீற்றர் விட்டு 32க்கு 19 என்று ஒரு தளம் போட்டால் அதற்குள்ளேயே வலைப்பந்துக் கோடும் கீறலாம், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வீடு. மழைத்தண்ணீர் ஓடச் சின்னச் சாய்வு விட வேண்டும், மேசனிடம் விட்டால் மறந்துவிடுவார். பயிற்றுவிப்பாளர் ஒருவருக்கு ஐந்து வருடம் மாதச் சம்பளம், முடிந்தால் பெண்ணாக, ஊரோடு இருக்கிற ஆளாக. கொழும்பிலிருந்து மூன்று நாள் முகாமுக்கு வந்து சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகிறவர் வேண்டாம். அதோடு பயிற்சி நாட்களில் ஆறு மணிக்கு ஒரு வான். இந்த வானை யாரும் திறந்து வைக்க முடியாது, அதில் பெயரும் எழுத இடமில்லை, ஆனால் மூன்றில் ஒன்றுதான் தரலாம் என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

தளம் போட்டால் அந்தத் துருப்பிடித்த கம்பத்தை நாங்களே சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொள்கிறோம், சாரத்துக்கு ஐயாவுக்கு வேறு கொடிக்கயிறு கட்டிக் கொடுக்கிறோம்.

பந்து அனுப்புவதானால் 6ஆம் இலக்கம். போனமுறை வந்த பன்னிரண்டும் 7, அது ஆண்களுடையது.