சுழியத்திலிருந்து தொடங்குங்கள்: குடிநீர் அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பொதுமக்களின் நன்கொடையைப் பெற்று, அரசுப் பள்ளிகளுக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி அமைத்துத் தரும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோட்டில் குடியிருக்கும் நான், இத்தகைய அறக்கட்டளை ஒன்றுக்கு ஆறு ஆண்டுகளாக மாதச் சந்தா செலுத்தி வருகிறேன். வருமான வரிச் சலுகைக்கான ரசீது தவறாமல் வருகிறது. ஆண்டறிக்கையும் வழவழப்பான தாளில், வண்ண வரைபடங்களோடு வருகிறது. சென்ற முறை வந்ததில், பயன்பெறும் மாணவர்களைக் காட்டும் இரண்டு நீலப் பட்டைகளில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு உயரமாக நின்றது. மகிழ்ச்சியோடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், முதல் பட்டையின் மேல் 180 என்றும் இரண்டாவதன் மேல் 200 என்றும் பொடி எழுத்தில் இருந்தது. இடப்பக்க அளவுகோல் சுழியத்தில் தொடங்காமல் 160-இல் தொடங்கியதால் வந்த உயரம் அது. யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் இருபது பிள்ளைகள் கூடியதை, பள்ளியே இரட்டிப்பானதுபோல் என் கண் படித்துவிட்டது.

எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுவாரம் வரவு செலவை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டிவிடுவார்கள்; பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று வரி கட்டிய எவரும் நின்று படிக்கலாம். செலவுக் கணக்கை நீங்களும் காட்டுகிறீர்கள். அந்தச் செலவால் தண்ணீர் என்ன ஆயிற்று என்பதைத்தான் இன்னும் காணோம்.

நம் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது புதிய செய்தி அன்று. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. ஆகவே பள்ளிக்கு ஒரு வரைபடம் போதும்: கீழே பன்னிரண்டு மாதங்கள், 1.5-இல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடு அளவு ஒரு நிறத்தில், பிள்ளைகள் குழாயில் பிடிக்கும் நீரிலுள்ள அளவு இன்னொரு நிறத்தில். அலுமினா வடிகட்டியாக இருந்தால், அது ஃபுளோரைடை ஈர்த்து ஈர்த்து நிறைந்துபோகும்போது இரண்டாவது கோடு மெல்ல மேலேறும். அலுமினாவைப் புதுப்பித்ததும் சரேலென்று இறங்கும். அந்த இறக்கம்தான் என் சந்தா. வட்டப் படத்தில் 'பராமரிப்பு' என்ற ஒரு துண்டாக நீங்கள் ஒதுக்கிவிடும் பணம், அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

'முன்பு, பின்பு' என்று, ஃபுளோரைடால் காவியேறிய பற்களின் நெருக்கப் படங்களைச் சேர்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பல்லின் மேல்பூச்சான எனாமல் உருவாகும் சிறு வயதிலேயே அந்தக் கறை பல்லுக்குள் ஏறிவிடுகிறது; பிறகு எவ்வளவு நல்ல நீர் குடித்தாலும் அது போகாது. (தவிர, படத்திலுள்ள சிறுமிக்கு நாளை இதே வட்டாரத்தில்தான் வரன் பார்ப்பார்கள்.) பலன் பற்களில் தெரிய வேண்டுமானால், இன்னும் பேச்சு வராத குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்கு வரும்வரை பொறுக்க வேண்டும், அதுவும் அவர்கள் வீட்டில் குடிக்கும் நீர் நன்றாக இருந்தால்.

அப்போதும் முழுப் பெயரும் உங்களுக்குச் சேராது. ஜப்பானிய நிதியுதவியோடு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் வருகிறது. பள்ளிக்குக் காவிரி நீர் கிடைத்த மாதங்களை வரைபடத்தில் தனி நிறம் தீட்டிக் காட்டுங்கள். அந்த மாதங்களில் கருவி சும்மா இருந்ததென்றால், அதைத் தேவையுள்ள வேறு பள்ளிக்குக் கொண்டுபோகலாம் அல்லவா?

அறிக்கை தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மாந்தோப்பு வைத்திருப்பவரும், ஓசூர் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவரும் அதை வாட்ஸ்அப்பில்தான் திறக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. கருவி பழுதாகி நின்ற மாதங்களில் கோட்டை இழுத்து இணைத்துவிடாமல், இடைவெளியாகவே விட்டு, மோட்டார் எரிந்ததா, பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். அந்த மாதம் சற்றுக் கூடுதலாக அனுப்ப என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாதச் சந்தாதாரர் ஒருவர்,
பாலக்கோடு.